கோபித்துக்கொள்ள ஓர் அறை

கள்ளக்குறிச்சியில் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், ஒரு பைப் கடையின் மாடியில், வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் வரைந்து கொடுக்கும் அலுவலகம் இருந்தது. அங்கே ஏழு வருடம் வேலை பார்த்தேன். சார் காகிதத்தில் பென்சிலால் போட்டுக் கொடுப்பார். நான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். எங்கள் இரண்டு பேரைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லை.

சேர்ந்த வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். பிளான் போட வருகிறவர்கள் பெரும்பாலும் கணவனும் மனைவியுமாக வருவார்கள். கணவன்தான் பேசுவார். பூஜையறை எந்த மூலையில், போர்ட்டிகோவில் கார் நுழையுமா, பிற்பாடு மாடி எடுக்கலாமா என்று அரை மணி நேரம் போகும். சார் எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அந்த அம்மாவைப் பார்த்துக் கேட்பார்.

"உங்களுக்குக் கோவம் வந்தா எங்கம்மா போவீங்க?"

அந்தக் கேள்வி வந்ததும் பெண்கள் முதலில் கணவனைப் பார்ப்பார்கள். பிறகு சிரிப்பார்கள். சார் சிரிக்காமல் காத்திருப்பார். அவர் காத்திருக்கிற விதத்தில், பதில் சொல்லாமல் எழுந்து போக முடியாது. "மாட்டுக்கொட்டாய்க்குப் போவேங்க." "மாடிப்படிக்குக் கீழ உக்காந்துக்குவேன்." "பஸ் ஏறி அம்மா வூட்டுக்குப் போயிடுவேன், இப்ப அம்மா இல்ல." ஒரு பெண், "எனக்குக் கோவமே வராதுங்க" என்றாள். அவள் கணவன் சத்தமாகச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சார் அந்த வீட்டுக்கும் ஒரு சின்ன அறை போட்டார்.

ஆறடிக்கு எட்டடி. ஒரு ஜன்னல். தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டும். சமையலறைக்கும் படுக்கையறைக்கும் இடையில், யாருடைய வழியிலும் குறுக்கே வராத ஓர் இடத்தில் அதைச் செருகிவிடுவார். அநேகமாக அவர் போட்ட எல்லா வீட்டிலும் அது இருந்தது. பிளானில் அந்தக் கட்டத்துக்குள் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை எழுதச் சொல்வார். பூத்வார்.

"இன்னாங்க இது?" என்று கணவன் கேட்டால், "பெரிய வூடுங்கள்ல எல்லாம் வெப்பாங்க. அம்மாவுக்குத் தனி ரூமு" என்பார். கேட்கிறவர் அந்த வார்த்தையை இரண்டு முறை சொல்லிப் பார்ப்பார். முகத்தில் ஒரு பெருமை வந்துவிடும். அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் சாப்பிடும்போது அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டேன். சார் கையைக் கழுவிவிட்டு, அலமாரியிலிருந்து அட்டை போன ஒரு பெரிய அகராதியை எடுத்து வந்தார். பழைய பேப்பர் கடையில் எடை போட்டு வாங்கியதாம்.

"பிரெஞ்சுக்காரங்க வார்த்தைம்மா. அவங்க பாஷைல 'பூதே'ன்னா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிறது. உம்முன்னு இருக்கறது. அப்பிடி உக்கார்ற எடம் பூத்வார். இங்கிலீஷ்காரங்க வார்த்தைய அப்பிடியே எடுத்துக்கினாங்க. போகப்போக, பெரிய வூட்டு அம்மா அலங்காரம் பண்ணிக்கிற ரூமு, கூட்டாளிங்களோட பேசற ரூமுன்னு ஆயிடுச்சி. கோவத்த மறந்துட்டாங்க. ரூம மட்டும் வெச்சிக்கினாங்க."

"கோவிச்சிக்கிறதுக்குன்னு ஒரு ரூமா சார்?"

"சொல்லிப் பாரு. பூ. ஒதடு முன்னாடி வருதா? கோவிச்சிக்கினா அவங்களுக்கு ஒதடு அப்பிடி வரும் போல. நம்ம ஊர்ல உம்முன்னு மூடிக்குவாங்க. அவ்ளோதான் வித்தியாசம்."

நான் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். பிறகு, இது ஏமாற்று இல்லையா என்று கேட்டேன்.

"தமிழ்ல எழுதுனா அங்கியே கோடு போட்டு அடிச்சிடுவாங்கம்மா. இங்கிலீஷ்ல எழுதுனா கட்டுவாங்க. அர்த்தம் கேட்டா சொல்லிடுவேன். இதுவரைக்கும் யாரும் கேக்கல."

கட்டினார்கள்தான். ஆனால் புதுமனை புகுவிழாவுக்குப் போகும்போது பார்த்தால், அந்த அறையில் சின்ன வெங்காயம் கொட்டியிருக்கும். இல்லாவிட்டால் யூரியா மூட்டை, கேஸ் சிலிண்டர், பையனின் சைக்கிள். ஒரு வீட்டில் இன்வெர்ட்டரை வைத்துக் கதவையே கழற்றியிருந்தார்கள்.  சார் எட்டிப் பார்த்துவிட்டுப் பந்திக்கு வந்துவிடுவார். அடுத்த நாள் அடுத்த வீட்டுக்கு அதே அறையைப் போடுவார். இந்தப் பிடிவாதம் எனக்குச் சில நேரம் எரிச்சலாகக்கூட இருக்கும். கட்டுகிறவர்களுக்கே வேண்டாதபோது இவருக்கு எதற்கு என்று நினைப்பேன்.

அவர் என்னிடமும் ஒரு நாள் அந்தக் கேள்வியைக் கேட்டார். எங்கள் வீடு அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு. ஒரே அறை. அதில் நான், வீட்டுக்காரர், மாமனார், மாமியார், எங்கள் மகள். மாமனாரும் மாமியாரும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். வேலை இல்லாத மாதங்களில் நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பார்கள்.

"நான் எங்க சார் போறது? வேலைக்கு வந்துடுவேன்" என்றேன்.

"ஞாயித்துக்கெழமைல?"

நான் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுநாள் அலுவலகச் சாவியில் இன்னொன்று வெட்டிக்கொண்டு வந்து என் கீபோர்டு பக்கத்தில் வைத்தார்.  நான் அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். ரொம்ப நாள் பயன்படுத்தவில்லை.

நாலாவது வருடமோ ஐந்தாவது வருடமோ, வெள்ளிமலைக்குப் போனோம். மலையில் ஒரு குடும்பத்துக்கு வீடு கட்ட அரசாங்கம் பணம் ஒதுக்கியிருந்தது. மனை சரிவில் இருந்ததால் நேரில் அளக்க வேண்டியிருந்தது. டேப் பிடிக்க ஆள் இல்லையென்று நானும் பேருந்தில் ஏறினேன்.

அளந்து முடித்ததும், முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்த அந்த வீட்டு அம்மாவிடம் சார் தன் கேள்வியைக் கேட்டார். அவள் கையை நிறுத்தவே இல்லை.

"அதுக்கு எதுக்கு ரூமு? கோவம் வந்தா மேல ஏறிப் போயிடுவேன். எறங்கி வரதுக்குள்ள போயிடும்."

சார் அவள் கணவனைப் பார்த்தார். "நீங்க தேடிக்கினு போவ மாட்டீங்களா?"

"எதுக்குத் தேடணும்? கோவம் அதோடது. அதுவா எறங்கி வரும்" என்றார் அவர்.

சார் நோட்டை மூடிவிட்டார். அந்த பிளானில் மட்டும் சின்ன அறை இல்லை.

மலையிறங்கும்போது வளைவுகளில் பேருந்து சாய்ந்து சாய்ந்து வந்தது.  சார் ஜன்னல் பக்கம் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார். தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, "நான் தேடிக்கினு போவேன்மா" என்றார். அடிவாரம் வருவதற்குள் மொத்தமும் சொல்லி முடித்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அவர் முதன்முதலில் போட்ட பிளான் தன்னுடைய சொந்த வீட்டுக்குத்தான். தியாகதுருகத்தில் அப்பா விட்டுப்போன மனை. அப்போது அவருக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள். எங்கேயோ ஒரு வீட்டின் படத்தைப் பார்த்து, உள்ளே தடுப்பே இல்லாமல் பெரிய ஹால் வைத்துக் கட்டினார். வாசலில் நின்றால் பின்கதவு தெரியும். சமையலறைக்கும் சுவர் இல்லை. படுக்கும் இடத்துக்குத் திரைதான். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. அவருடைய அம்மா நடுஹாலில் கட்டில் போட்டுக்கொண்டார்.

"எங்க வூட்டம்மா எங்க நின்னாலும் எங்க அம்மாவுக்குத் தெரியும். வேணும்னு அப்பிடிக் கட்டல. எனக்குத் தெரியல, அவ்ளோதான். அது பாத்ரூம்ல போய்த் தண்ணியத் தொறந்து வுட்டுக்கினு அழுவும். எங்க அம்மா கதவத் தட்டி, தண்ணி எதுக்கு இவ்ளோ நேரம் ஓடுதுன்னு கேக்கும். அது வாசல்ல போய் நிக்கும். நான் பின்னாலயே போய், இன்னா, இன்னா, சொல்லு, இன்னான்னு நிப்பேன். பாசமா இருக்கறதா நெனப்பு எனக்கு."

இரண்டு வருடம் கழித்து சாரின் மனைவி சின்னசேலத்தில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். சண்டை எதுவும் இல்லை. குழந்தையும் இல்லை. கிளம்பும்போது ஒன்று மட்டும் சொன்னாராம். "ஊருக்கே காட்டுற மாதிரி வூடு கட்டினீங்க. அழுவறதுக்கு ஒரு எடம் வெக்கல."

அதன் பிறகு சார் கொஞ்ச காலம் பாண்டிச்சேரியில் ஒரு காண்டிராக்டரிடம் இருந்திருக்கிறார். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழைய வீடு ஒன்றைப் பழுது பார்க்கும் வேலை. அந்த வீட்டின் மஞ்சளேறிய வரைபடத்தில் ஒரு சின்ன அறைக்குப் பூத்வார் என்று பெயர் போட்டிருந்தது. காவலுக்கு இருந்த கிழவரிடம் கேட்டிருக்கிறார். "அம்மா கோவிச்சிக்கினா உக்கார்ற ரூமு" என்று அவர் சொன்னாராம். சார் அந்த அறைக்குள் போய்ச் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாராம்.

"அந்தம்மாவ அப்புறம் பாக்கவே இல்லியா சார்?" என்றேன்.

"தேடிக்கினு போறத வுட்டுட்டேன்" என்றார். பதினெட்டு வருடம் ஆகியிருந்தது.

அடுத்த வருடம் சின்னசேலத்திலிருந்து ஒரு மக்காச்சோள வியாபாரி வந்தார். பெரிய வீடு, இரண்டு மாடி. பூத்வார் என்றதும் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வாங்கிக்கொண்டு போனவர் பத்து நாளில் இரண்டு ஆட்களோடு படியேறி வந்தார். பிளானைச் சுருட்டி மேஜைமேல் எறிந்தார்.

"இன்னா ரூமுய்யா இது? என் அண்ணன் பையன் போன்ல போட்டுப் பாத்தான். பொம்பளைங்க அரையும் கொறையுமா படுத்துக்கினு போட்டோ எடுத்திருக்காளுங்க. பூமி பூஜைக்கு வந்த சொந்தக்காரன் அத்தனை பேரும் பாத்தான். என் வூட்டுப் பொம்பளைக்கு இந்த ரூமா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சார் எழுந்து அகராதியை எடுத்தார். கையை வைத்து வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். போட்டோக்காரர்கள் அந்தப் பெயரை இப்போது எதற்கோ வைத்துக்கொண்டிருக்கிறார்கள், பழைய அர்த்தம் இதுதான் என்றார். "கோவம் வந்தா அந்தம்மா கொஞ்ச நேரம் தனியா உக்காரலாம். வேற ஒன்னும் இல்லீங்க."

 இப்போது வியாபாரிக்கு வந்த கோபத்துக்கு முன்னால், போன் படத்துக்கு வந்தது ஒன்றுமே இல்லை.

"என்கிட்ட கோவிச்சிக்கினு உக்கார்றதுக்கு, நானே செங்கல் வாங்கி, நானே ரூமு கட்டித் தரணுமா?"

"ஆமாங்க" என்றார் சார்.

"அத எடுத்துட்டு வேற பிளான் போடு."

அதுவரைக்கும் யாராவது அறை வேண்டாம் என்றால் சார் பேசாமல் எடுத்துவிடுவார். அன்றைக்கு ஏனோ மறுத்துவிட்டார். "அர்த்தம் தெரியாம வேணாம்னா எடுத்துடுவேங்க. தெரிஞ்சி வேணாங்கிறீங்க. அதுல என் கையெழுத்து வேணாம். வேற ஆள்கிட்ட போட்டுக்குங்க."

அந்த ஆள் போன இடமெல்லாம் சொன்னார். ஆபாச ரூம் போடுகிறவன் என்று பெயராகிவிட்டது. வருகிறவர்கள் குறைந்தார்கள். சில நாள் காலையிலிருந்து சாயங்காலம்வரை மாடிப்படியில் காலடிச் சத்தமே கேட்காது. பேச்சு என் வீடுவரை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர், "நாளைலேர்ந்து அங்க போவாத. ஒரு மாதிரி பேசறாங்க" என்றார். மாமனார் மாமியார் எதிரில் சொன்னார்.  கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்து வந்து, அந்தச் சாவியால் அலுவலகத்தைத் திறந்து உள்ளே தாழ்ப்பாள் போட்டேன்.

மூடிய கதவுக்குள் நான் மட்டும் இருந்தது என் வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான் முதல்முறை. முதல் அரை மணி நேரம் என்ன செய்வதென்றே தெரியவில்லை. கம்ப்யூட்டரைப் போடலாமா என்று நினைத்தேன். பிறகு அழுதேன். அதன் பிறகு அழுகையும் நின்று, தெருச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போனபோது சொல்ல வேண்டியது தெளிவாக இருந்தது. "நான் வேலைக்குப் போவேன்" என்றேன். கத்தவில்லை. அதனாலோ என்னவோ, அவரும் கத்தவில்லை. திங்கட்கிழமை போனேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, நாற்பது தாண்டிய ஒரு பெண் தனியாகப் படியேறி வந்தார். காட்டன் புடவை, தோளில் பை, நரைத்த முன்முடி. நான் உட்காரச் சொல்வதற்குள் சார் எழுந்து நின்றுவிட்டார். பென்சில் கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. யாரென்று எனக்கு விளங்கிவிட்டது. நான் டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன்.

"நீ இரும்மா. பிளான் போடத்தான் வந்திருக்கேன்" என்றார் அந்த அம்மா.

சின்னசேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறாராம். அண்ணன் ஒரு துண்டு நிலம் கொடுத்திருக்கிறார். சின்னதாக ஒரு வீடு. சார் அளவுகளைக் குறித்துக்கொண்டார். எழுத்து கோணல்மாணலாக வந்தது. ஒரு படுக்கையறை, சமையலறை, பாத்ரூம். முடித்துவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"கேக்கலியா?" என்றார் அந்த அம்மா.

"இன்னா?"

"எல்லார்கிட்டயும் ஒன்னு கேப்பீங்களாமே. எங்க ஊரு வியாபாரி சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. நான் ஸ்கூல் டீச்சர்கிட்ட அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டேன்."

 அந்த அம்மாவே தொடர்ந்தார்.

"நான் சொன்னது உங்களுக்குக் காதுலயே வுழலன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இத்தினி வருசமும்."

 கீழே கடையில் பைப் அறுக்கும் சத்தம் கேட்டது.

"உனக்கும் ஒரு ரூமு போடவா?" என்றார் சார்.

"அந்த வூட்ல நான் ஒருத்திதான். எந்த ரூம்ல உக்காந்தா இன்னா? அது வேணாம்." காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "முன்னால ஒரு ரூமு போடுங்க. வரவங்க உக்கார்றதுக்கு."

"யாரு வருவாங்க?"

"அத வரவங்கதான் சொல்லணும்" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அந்த பிளானைச் சார் பென்சிலில் போட்டு என்னிடம் தரவில்லை. என் நாற்காலியில் உட்கார்ந்து, தெரிந்தவரை மௌஸைப் பிடித்து, இரண்டு நாள் முழுக்க அவரே ஏற்றினார். முன்னறைக்கு மட்டும் மூன்று ஜன்னல் வைத்திருந்தார். ஒன்றைக் குறைக்கலாம் என்றேன். கேட்கவில்லை.

அந்த வீட்டின் புதுமனை புகுவிழாவுக்கு நானும் போனேன். சார் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில், பிளான் போட்டவர் என்ற முறையில் உட்கார்ந்திருந்தார். கூப்பிடுகிறவரை உள்ளே போகவில்லை. சாப்பிட்டுவிட்டுப் பேருந்துக்குக் கிளம்பினார். அதற்குப் பிறகு சில சனிக்கிழமைகளில் மத்தியானத்தோடு அலுவலகத்தைப் பூட்டிவிட்டுச் சின்னசேலம் வழியாகப் போகும் பேருந்தில் ஏறுவார். அவர்கள் சேர்ந்து வாழத் தொடங்கவில்லை. ராத்திரிக்குள் திரும்பிவிடுவார். நான் எதுவும் கேட்டதில்லை.

பிறகு என் வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேன் ஓட்டும் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போய்விட்டோம். அங்கே ஒரு கட்டுமான அலுவலகத்தில் எனக்கும் வேலை கிடைத்தது. சாரோடு பேச்சு மெல்லக் குறைந்தது.

போன பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை போன் செய்தேன். உடனே எடுத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"எங்க சார் இருக்கீங்க?"

"சின்னசேலத்துல."

"அக்கா நல்லாருக்காங்களா? குடுங்க, ஒரு வார்த்தை பேசறேன்."

"அது உள்ள இருக்குதும்மா. கதவு சாத்தியிருக்குது. தட்டக் கூடாது. ஒரு மணி நேரம் ஆவுது."

"ஐயோ, இன்னா சார் ஆச்சி?"

 சிரிப்பை அடக்குகிறாரா, வேறு எதையாவது அடக்குகிறாரா என்று போனில் தெரியவில்லை.

"இன்னிக்குச் சீக்கிரம் கெளம்பறேன்னு சொல்லிட்டேன்" என்றார்.